மணலில் மட்டும்

பிரிட்டோ விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பூனைக்குட்டி ஒன்றுக்கும் இரண்டுக்கும் மணலில் மட்டும் போக வேண்டும். இன்னும் ஒரு முறை வேறெங்கேனும் போனால், அது கூடுவாஞ்சேரியில் உள்ள அவனுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பப்படும். அண்ணன் வீட்டில் பசு ஒன்றும் நாய் ஒன்றும் இருந்தன. பசுவால் யாருக்கும் தொந்தரவில்லை. நாயைப் பற்றிப் பிரிட்டோ எதுவும் சொல்லவில்லை; ஷீலாவும் தன் கணவனிடம் கேட்கவில்லை. அந்த நாயை இருவரும் நன்கு அறிவார்கள்.

குட்டியைக் கொண்டுவந்தவள் ஷீலா. குரோம்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடையின் வாசலில், யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில், மழைக்கு ஒதுங்கி அது கத்திக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை. ஆகவே பூந்தி என்று பெயரிட்டாள். இரும்புலியூரில் அவர்கள் குடியிருந்த வீடு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை மட்டுமே கொண்டது. வந்த சில நாள்களில் பூந்தி மூன்றையும் பயன்படுத்திவிட்டது. பிரிட்டோவின் இடது ஷூவையும் விட்டுவைக்கவில்லை. நிபந்தனை பிறந்தது அந்த ஷூவிலிருந்துதான்.

அதற்கு முன்பு, பூனைகள் கழிப்பதற்கென்றே கடையில் விற்கும் நறுமணக் குருணையை வாங்கி வைத்தபோது, பூந்தி முகர்ந்து பார்த்தது, தும்மியது, கால்மிதியை நோக்கி நடந்தது. ஷீலா கொஞ்சிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிரிட்டோ வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். ஒரு வேலையைப் பிறர் தவறாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் ஆகாது. பூனையே வேண்டாம் என்றவன் பூனைக்கு ஆசிரியன் ஆனது இவ்வாறுதான்.

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு மணல் கொண்டுவந்தான். சலித்தான், மாடியில் காயவைத்தான், நீல நிற டப்பில் நிரப்பிக் குளியலறைக் கதவருகே வைத்தான். குட்டி தின்று முடிக்கும் ஒவ்வொரு வேளையும் அதைத் தூக்கி மணலில் விட்டு, முன்காலைப் பிடித்து மெல்லக் கீறிக் காட்டினான். சரியாகச் செய்தால் ஒரு துண்டு நெத்திலி.

"எல்.கே.ஜி. மிஸ் மாதிரியே இருக்கீங்க. ஹோம்வொர்க் உண்டா?" என்றாள் ஷீலா.

"நீ சிரிச்சா அது கவனிக்காது. அந்தப் பக்கம் போ."

பூந்தி கற்றுக்கொண்டது. எந்த மூலையில் இருந்தாலும் மணலைத் தேடி ஓடியது. முடிந்ததும் நாற்புறமும் கீறி மூடியது. மூடியது சரிதானா என்று முகர்ந்தும் பார்த்தது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்கூட அதுவே பார்த்துவிடுகிறது என்று பிரிட்டோ கம்பெனி பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் வந்தது. அவர்களுடைய தேவாலயப் பங்கில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் போட்டி நடக்கும். நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். சென்ற ஆண்டு அதே பங்கைச் சேர்ந்த தேவானந்தம் மோட்டார் வைத்து நீர்வீழ்ச்சி ஓடவிட்டுப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். பெத்லகேமில் நீர்வீழ்ச்சி ஏது என்று பிரிட்டோ ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே இம்முறை அவன் பாலைவனம் அமைத்தான். கூடத்தின் மூலையில், தரையிலேயே பலகை போட்டு, மேடும் பள்ளமுமாக மணல் பரப்பி, தொழுவத்தையும் ஒட்டகம், இடையன், ஆடு முதலிய சொரூபங்களையும் வைத்தான். குழந்தை இயேசுவைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் வைப்பார்கள். தீவனத் தொட்டி காலியாக இருந்தது.

"இது பூந்தியோட மணல்தானே?" என்று கேட்டாள் ஷீலா.

"மணல் எல்லாம் ஒண்ணுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அதுக்கும் ஒண்ணுதானே?"

"அதுக்கு டப் தெரியும், ஷீலா. நான் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"சரிங்க, மிஸ்."

ஞாயிறு மாலை நடுவர்கள் வந்தார்கள். ஒருவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ரத்தினம். மற்றவர், அப்பகுதிக் குடும்பங்களின் ஜெபக் குழுவை நடத்தும் பேபி அக்கா. ஷீலா அச்சு முறுக்கும் காப்பியும் கொடுத்தாள். மணலின் தன்மையைப் பிரிட்டோ விளக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து பூந்தி வந்தது. யாரையும் பொருட்படுத்தாமல் கூடத்தைக் கடந்தது. ஒட்டகத்துக்கும் இடையனுக்கும் நடுவே நின்று, கற்றுத்தந்த முறைப்படியே கீறியது. பிறகு உட்கார்ந்து, தூரத்தில் எதையோ யோசிப்பதுபோல் சுவரைப் பார்த்தது.

ரத்தினத்தின் கையில் அச்சு முறுக்கு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

பூந்தி எழுந்து நாற்புறமும் கீறி மூடியது. ஓர் ஆடு கழுத்துவரை புதைந்தது. பூந்தி முகர்ந்து பார்த்தது; திருப்தியடைந்து, நெத்திலிக்காகப் பிரிட்டோவின் காலடியில் வந்து அமர்ந்தது.

"இது போட்டியில சேர்த்தியா, தம்பி?" என்று கேட்டார் ரத்தினம்.

"இன்னா சார் கேக்குறீங்க?" என்றார் பேபி அக்கா. "தொழுவம்னா அப்படித்தான் இருக்கும். எத்தினி வூட்ல பாத்துகினு வர்றோம், ஒண்ணுலயாவது சாணி கீதா? இது ஒண்ணுதான் அசல்."

சிரிப்பை அடக்கியபடி அவர்கள் விடைபெற்றார்கள். தெருமுனை வரையில் அடக்க முடியவில்லை என்பது உள்ளே கேட்டது.

ஷீலா பூந்தியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

"உங்க அண்ணனுக்கு போன் போடணுமா?" என்றாள். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது.

பிரிட்டோ முழந்தாளிட்டுக் கரண்டியால் ஆட்டை மீட்டுக்கொண்டிருந்தான். மணல் குவியலை, தொழிற்சாலையில் உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல், எல்லாக் கோணங்களிலும் பார்த்தான்.

"நான் என்ன சொன்னேன்?"

"மணல்ல மட்டும்னு."

"எங்க போச்சு?"

"மணல்ல."

"மூடிச்சா?"

"ஆட்டையும் சேர்த்து மூடிச்சு."

பிரிட்டோ ஆட்டைத் தாளில் துடைத்துத் தனியே வைத்தான். "டிராயிங் தப்பா இருந்தா பீஸை ரிஜெக்ட் பண்ணக் கூடாது. டப்லன்னு நான் சொல்லியிருக்கணும்."

அவன் எழுந்து நெத்திலி டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தான். பூந்தி ஷீலாவின் பிடியிலிருந்து நழுவி இறங்கி ஓடிவந்தது.

"அப்ப போன்?" என்றாள் ஷீலா.

"போடு. குடில்ல மணலுக்குப் பதிலா போட, வைக்கோல் கொஞ்சம் அனுப்ப முடியுமான்னு கேளு."