புல்தொட்டி செய்வது எப்படி, பதினோரு ஆடுகளைக் கேட்பது எப்படி

1

"என் பதினோரு ஆட்டையும் பிரிச்சுக் குடுத்துடு, அண்ணே."

இந்த வாக்கியத்தை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. வாயால் சொல்லும் எண்ணமும் இருந்ததில்லை. எங்கள் அட்லஸ் மலையில் ஒரு தங்கச்சி அண்ணனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். செருப்பு, போன், டவுனுக்குப் போகும் வண்டிக்காசு, எதுவும். பங்கை மட்டும் கேட்கக்கூடாது. என் அம்மா இதை எனக்குப் பாடம்போலச் சொல்லி வளர்த்தாள். அவள் தன் அண்ணனிடம் கேட்டதே இல்லை. அதனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் மாமா வீட்டிலிருந்து ஒரு தொடைக்கறி வரும். அவளுடைய பங்கு அந்தத் தொடைதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு. அஸ்ரூ டவுனில் உள்ள ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒரு பக்கத் துண்டறிக்கை கேட்டது. 'வெளியில் நிற்கும் செம்மறிகளுக்கு உலர்புல் போடச் செலவில்லாத, வீட்டிலேயே செய்யக்கூடிய தொட்டிகள்.' நான் மெக்னெஸில் கால்நடைப் படிப்பு படித்தவள். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆளும் நான்தான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இரண்டு வருடமாக வேலை இல்லாத முதல் ஆளும் நானே. துண்டறிக்கைதானே, அரைமணியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது வரியில் அண்ணன் பாஸ்ஸு நுழைந்துவிட்டான். அந்த வரியை அடித்தேன். ஏழாவது வரியில் மறுபடி வந்தான். சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன். எனவே இது இப்போது கதை.

2

தொடக்கம் அ: 'மத்திய அட்லஸ் மலைகளில் பனி பொழியும் மாதங்களில் மேய்ச்சல் நிலம்...' (வெட்டியாயிற்று. பனி பொழிந்தால் மேய்ச்சல் இல்லை என்பது ஆட்டுக்கே தெரியும்.)

தொடக்கம் ஆ: 'ஆடு தன் மூத்திரம் பட்ட புல்லைத் தின்னாது.' (இது நிற்கட்டும். சங்கத்தின் செயலாளர் முகம் சுளிப்பார். ஆனால் முழுத் துண்டறிக்கையும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.)

விளக்குகிறேன். பாஸ்ஸு புல்லைப் பனிமேல் வீசுவான். எங்கள் அப்பாவும் அப்படித்தான் வீசினார். புல்கட்டை அவிழ்த்து, காற்றுக்கு முதுகு காட்டி, நீளமாக ஒரு கோடு போல. பார்க்க அழகுதான். ஆடுகள் ஓடிவந்து அதன்மேல் ஏறி நிற்கும், படுக்கும், மூத்திரம் பெய்யும், பிறகு மிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேற்றோடு போகும். பிப்ரவரியில் கட்டுகள் தீர்ந்துவிடும். அப்போது லாரி வரும். புல்லை வாங்க நாலு ஆடு ஏறிப் போகும்.

எந்த நாலு? இங்கேதான் கதை இருக்கிறது.

எங்கள் பக்கம் பெண் குழந்தை பிறந்த ஏழாம் நாள் அப்பா ஒரு பெட்டைக் குட்டியின் இடது காதைக் கொஞ்சம் வெட்டி, 'இது இவளுடையது' என்பார். அது ஈனும் பெட்டைகளும் அவளுடையவை. அவற்றுக்கும் இடது காது வெட்டு. ஆனால் எல்லாம் அண்ணன் மந்தையிலேயே நிற்கும். கல்யாணம் ஆனாலும் நிற்கும், செத்தாலும் நிற்கும். லாரி வரும்போது பாஸ்ஸுவின் கை தானாக இடது காதைத் தேடிப் போகும். அவனுக்கே தெரியாமல் போகிறதோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

நான் படித்தவள் அல்லவா, கணக்காக யோசித்தேன். புல் தீராவிட்டால் லாரி வராது. லாரி வராவிட்டால் என் ஆடுகள் போகாது. ஆகவே தேவை நல்ல தொட்டி. அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

3

பாஸ்ஸுவைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவனுக்குத் தடித்த மீசை, சிவந்த கண், சோற்றுத்தட்டை எட்டி உதைக்கிற கால் எல்லாம் கொடுத்திருந்தேன். கோபத்தில் எழுதியது. நிஜத்தில் அவன் ஒல்லியானவன், தாடி சரியாக முளைக்காதவன். பனியில் ஈன்ற குட்டி விறைத்துப்போனால் ஜிலாபா அங்கியின் தலைமூடிக்குள் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பான். குட்டி அவன் பிடரியில் கத்திக்கொண்டே வரும்; அவனும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வருவான்.

அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு எளிது. உங்களுக்கும் எளிது. ஆனால் கெட்டவர்கள்தான் தங்கச்சி ஆட்டை விற்பார்கள் என்று ஆகிவிடும். நல்லவர்களும் விற்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

4

தொட்டி ஒன்று: வலை. பள்ளிக்கூடத்துப் பழைய கால்பந்து வலையில் புல்லை அடைத்து, இரண்டு கம்புக்கு நடுவே கட்டினேன். அடியில் சிந்துவதைப் பிடிக்கக் கூரையில் துருப்பிடித்துக் கிடந்த டிஷ் ஆண்டெனாவைக் கழற்றி மல்லாக்க வைத்தேன். (குறிப்பு: புல்லின் சத்து பெரும்பாலும் இலையில். சிந்துவது இலை. ஆகவே தட்டு அவசியம்.) ஆனால் வலைக்கண் பெரிது, குட்டியின் கால் உள்ளே போய்ச் சிக்கியது. வலையைத் தலைக்குமேல் கட்டியதால் தூசி எல்லாம் ஆடுகளின் கண்ணிலும் பிடரிக் கம்பளியிலும் கொட்டியது.

தொட்டி இரண்டு: ஆலிவ் காய் ஊறப்போடும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், பக்கவாட்டில் ஓட்டைகளோடு. காற்று அதைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டுபோய் ஓடையில்

(இதை எழுத வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன். கல் வைத்துக் கட்டவும்.)

தொட்டி மூன்று: பேலட். சிமெண்டு மூட்டைக்கு அடியில் போட்டு வருகிற மரத்தட்டு. கட்டட வேலை நடக்கிற எந்த இடத்திலும் சும்மா கொடுப்பார்கள். இரண்டை எதிரெதிரே நிறுத்தி, அடி குறுகலாக, மேல்பக்கம் அகலமாக, கம்பியால் கட்டினேன். உயரம் ஆட்டின் முதுகுவரை, அதற்குமேல் வேண்டாம். பாடப்புத்தகத்தில் பலகை இடைவெளி ஒரு சாண் இருக்கவேண்டும், ஆடு தலையை நுழைத்துத் தின்னும் என்று போட்டிருந்தது. எனவே ஒன்று விட்டு ஒன்றாகப் பலகைகளைக் கழற்றினேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்களின் நாட்டில் கிடாவுக்குக் கொம்பு கிடையாதாம். எங்கள் கிடாவுக்குக் கொம்பு சுருண்டு காதைச் சுற்றி வந்திருக்கும். இது நாலு வயதிலேயே எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியபின் மறந்திருந்தேன்.

கிடா தலையைச் சாய்த்து நுழைத்தது. தின்றது. எடுக்கத் தெரியவில்லை. ஒரு இழு இழுத்தது, கம்பி அறுந்தது, பேலட்டும் புல்லும் கழுத்தில் தொங்க அது பனிமேல் நடக்க ஆரம்பித்தது. தொட்டி நடந்துபோனால் மந்தை என்ன செய்யும்? பின்னாலேயே போயிற்று. ஐம்பது ஆடும், நடந்துகொண்டே, பிடுங்கித் தின்றுகொண்டே. நானும் பாஸ்ஸுவும் ஓடினோம். அண்ணி ரிகியா ரொட்டிமாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்று, பட்டதாரித் தொட்டிக்குக் கால் முளைத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்குக் கூவிச் சொன்னாள். பாஸ்ஸு சிரித்த சிரிப்பில் பனியில் உட்கார்ந்துவிட்டான். அப்பா இறந்தபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு அவன்தான் ரம்பத்தைக் கொண்டுவந்து ஒரு பலகையை அறுத்துக் கிடாவை விடுவித்தான். கழற்றிய பலகைகளைத் திரும்ப அடித்தோம். நாலு விரல் இடைவெளி; மூக்கு மட்டும் போகும், புல்லை இழுத்து இழுத்துத் தின்னும். அதாவது, பேலட்டைத் தொடாமல் அப்படியே நிறுத்தியிருந்தாலே போதும்.

இன்னொரு தொட்டியும் அப்படியே கட்டி, அடியில் வைக்க இன்னொரு பழைய டிஷ்ஷும் தேடிவந்தோம். இரண்டும் வேலை செய்தன. இதைச் சந்தோஷமாகவே எழுதுகிறேன். ஜனவரி முழுக்கக் காலையில் இரண்டு தொட்டிகளையும் நிரப்பிவிட்டு, மாசிபத்திரித் தழை போட்ட தேநீரோடு மதில்மேல் உட்காருவேன். இரண்டு பக்கமும் வரிசையாக ஆடுகள், முதுகில் பனி, அடியில் டிஷ் தட்டுகள். ஐம்பது வாய் மெல்லுகிற சத்தம். கோபத்தோடு உட்கார்ந்தால்கூடப் பத்து நிமிடத்துக்குமேல் அந்தக் கோபம் நிற்காது.

5

துண்டறிக்கையில் வராத ஒன்று: கம்பளி.

எங்களிடம் ஆடு ஆம்பிளையுடையது, கம்பளி பொம்பளையுடையது. ரிகியா போர்வை நெய்கிறவள். பிடரிக் கம்பளியில் புல்தூசி ஏறினால் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும், விரல்நுனி புண்ணாகிவிடும். தொட்டி தாழ்வாக இருந்ததால் இந்த வருடம் கம்பளி சுத்தம். ஒருநாள் அவள் ஆட்டின் பிடரியை விரித்துப் பார்த்துவிட்டு, தன் விரல்களையும் பார்த்தாள்.

"தூதா, நீ படிச்சதுல இது ஒண்ணுதான் எனக்குப் பிரயோஜனம்" என்றாள்.

(தூதா நான்தான். இதுவரை பெயரைச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.)

6

பிப்ரவரி வந்தது. கொட்டகையில் இருபத்திரண்டு கட்டுகள் மிச்சம். பாஸ்ஸு அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தான். சாப்பிடும்போது, இவ்வளவு புல் இருக்கிறதே, இன்னொரு கிடா வைத்துக்கொள்ளலாம் என்றான். திமாதித்தில் ஒருவர் நல்ல சாதிக் கிடா வைத்திருக்கிறாராம், நாலு பெட்டைக்கு மாற்றித் தருவாராம். வியாழக்கிழமை மதியம் லாரி. நாலையும் பார்த்து வைத்துவிட்டானாம்.

நான் காதைப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. பட்டிக்குப் போய்ப் பார்த்தேன். முதுகில் நீலச்சாயம் பூசிய நாலு. நாலும் இடது காது வெட்டு.

புல் தீர்ந்தபோதும் போயின. புல் மிஞ்சியபோதும் போகின்றன. அப்படியானால் புல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பி வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

பாஸ்ஸு ரொட்டியை எண்ணெயில் தோய்த்தபடியே இருந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் ஆடா? அது மெக்னெஸுக்குப் போயி, ஆஸ்டல்ல தங்கி, பட்டம் வாங்கிட்டுத் திரும்பி வந்துடுச்சே" என்றான். "இந்தா, எதுத்தாப்பல உக்காந்திருக்கு."

ரிகியா சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தாள். நல்ல அடி. உண்மையும்கூட. முதல் வருடம் மூன்று ஆடுகள் விற்றுத்தான் போனேன்.

"அதான் பதினொண்ணு கேக்கறேன். பதினாலு கேக்கல."

"ஊர்ல எவளாவது கேட்டிருக்காளா?"

"இல்ல."

"அப்பறம்?"

"அதனால என்ன அண்ணே? நான் கேட்டுட்டேன்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். பிறகு, ஊரார் முகத்தில் தான் எப்படி விழிப்பது என்றான். நாளைக்கு எனக்குக் கல்யாணம் முறிந்தால் எந்த வீட்டுக்கு வருவேன் என்றான். அண்ணன் வீட்டுக் கதவு தங்கச்சிக்கு எப்போதும் திறந்திருப்பது அவள் கேட்காமல் இருப்பதால்தான் என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

பிறகு ரிகியா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். ஊற்றுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவின் பழைய கல்பட்டி சும்மா கிடக்கிறது, அவளுடைய அண்ணன்கள் கெனிஃப்ராவில் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் வரமாட்டார்கள் என்றாள். பதினோரு ஆட்டின் கம்பளியும் அவளுக்கு என்று பேசிக்கொண்டோம்.

"ஏன் அண்ணி? அண்ணன் உன்னத் திட்டுமே."

"திட்டட்டும். நான் எங்கண்ணன்கிட்ட கேக்கல. நீ கேட்டுட்ட" என்றாள். "கேட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியணும்."

7

முடிவுகள்.

முடிவு அ: மதியம் பாஸ்ஸு மனம் மாறி, கண்கலங்கி, 'கூட்டிட்டுப் போ தங்கச்சி' என்கிறான். (சங்கத்துக்கு இது பிடிக்கும். பின்னால் ஒரு பெண் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் படமும் போடலாம். எனக்கு நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: நாலு ஆடு லாரியில் ஏறுகிறது. எனக்கு ரபாத்தில் வேலை கிடைக்கிறது. நான் அங்கே இருந்துகொண்டு, ஆடுகளைப் பற்றி மிக நன்றாக எழுதுகிற

(இல்லை.)

முடிவு இ: இதை எழுதமாட்டேன். எனக்கே தெரியாது. பதினோரு ஆட்டோடு ஒரு பெண் மார்ச் மாதம்வரை தாக்குப்பிடிப்பாளா, வசந்தப் புல் நேரத்துக்கு வருமா, அவளை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும், பாஸ்ஸு மறுபடி அப்படிச் சிரிப்பானா, இதெல்லாம் உங்கள் பொறுப்பு. உங்கள் வீட்டில் அண்ணன் உண்டென்றால் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று வியாழன். அடுப்படி மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பங்குக்கு ஐந்து கட்டுப் புல் முந்தாநாளே ஊற்றுப் பட்டிக்குப் போய்விட்டது. ஒரு தொட்டியின் இரண்டு பேலட்டும் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை கழுதைமேல் ஏற்றும்போது பாஸ்ஸு பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. கட்டு ஒன்று சரிந்ததும் வந்து கயிற்றை இறுக்கிவிட்டுப் போனான். அதற்கு என்ன பொருள் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள், நான் இரண்டு நாளாக யோசித்து ஓய்ந்துவிட்டேன்.

அவன் லாரிக்காரனைக் கூட்டிவரக் கீழே சாலைக்குப் போயிருக்கிறான். ரிகியா பட்டி வாசலில் நின்று இடது காதுகளை ஒவ்வொன்றாகத் தடவி வெளியே விடுகிறாள். எட்டு. ஒன்பது. நீலச்சாயம் பூசிய நாலும் வெளியே வந்துவிட்டன. துண்டறிக்கையைச் சங்கமே எழுதிக்கொள்ளட்டும்.

பூட்ஸ் மாட்டியாயிற்று. கையில் கம்பு இருக்கிறது, கதவைத் திறந்துதான் வைத்துவிட்டுப் போகிறேன். குளிர் உள்ளே வரும். நீங்கள் சாத்திவிடுங்கள்.