வள்ளூர்க்காரி

நர்மதாவின் வீடு காலடிப்பேட்டையில். அங்கிருந்து அவள் படிக்கும் பல்கலைக்கழகம் இருபத்தாறு கிலோமீட்டர். விடுதியில் இடம் வேண்டுமென்றால் வீடு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு கிலோமீட்டர் குறைந்துபோன பாவத்துக்கு முதல் வருடம் முழுக்க மெட்ரோவும் பஸ்ஸுமாக அலைந்தாள்.

படிப்பு அதனால் கெடவில்லை. ஆனால் ஊரெல்லாம் முட்டிமோதி இடம் பிடிக்கிற அந்தப் பெரிய இடத்தில் வாழ்க்கை தொடங்குவதே மாலை ஆறு மணிக்குத்தான். நாடக ஒத்திகை, விவாத மேடை, கேன்டீன் வாசலில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்துகிற பேச்சு, எல்லாம் அதற்குப் பிறகு. நர்மதாவோ ஐந்து மணிக்கே பையைத் தூக்கிவிடுவாள். ஏழுக்குள் வரவில்லையென்றால் அம்மா மங்கை தெருமுனைக்கு வந்து நிற்பாள். மறுநாள் வகுப்பில் எல்லோரும் முந்தின நாள் கூத்தைச் சொல்லிச் சிரிக்கும்போது, என்னவென்றே தெரியாமல் இவளும் சிரித்து வைப்பாள். வருடக் கடைசியில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "நீ வேற காலேஜ்லேர்ந்து மாறி வந்தியா?" என்று கேட்டாள். அன்றைக்கே நர்மதா முடிவெடுத்துவிட்டாள்.

அப்பாவின் தங்கை பவானி வள்ளூரில், அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அது முப்பத்தெட்டு கிலோமீட்டர். அத்தையின் சம்மதத்தோடு நர்மதாவின் ஆதார் முகவரி வள்ளூருக்குக் குடிபோனது. விடுதிக் காப்பாளர் லூர்து மேரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அறைச் சாவியைக் கொடுத்தார்.

வந்த வாரமே பொது மெஸ்ஸில் ஒருவன் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான். சுற்றுச்சூழல் மன்றத்தின் செயலாளர் விமல், கோயம்புத்தூர்க்காரன்.

"நீ வள்ளூராமே? அந்தச் சாம்பல் வள்ளூரா?"

காலடிப்பேட்டை என்று சொன்ன காலத்தில் யாரும் இவ்வளவு ஆசையாக ஊர் கேட்டதில்லை. நர்மதா ஆமாம் என்றாள்.

புதன்கிழமை மன்றக் கூட்டத்தில் அவள் பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நர்மதா வள்ளூருக்குப் போனதே மூன்று முறைதான், அதில் ஒன்று காதுகுத்து. அத்தைக்குப் போன் போட்டாள்.

"இன்னாத்த சொல்றது? துணி காயப்போட்டா சாம்பலு. தட்டக் கவுத்து வெச்சா சாம்பலு. முருங்க எலைய மூணு தண்ணி அலம்பணும். இதெல்லாம் உனுக்கு எதுக்குடி?"

"பரீட்சைக்கு அத்தே."

பேச்சு அவளே எதிர்பாராத அளவுக்கு எடுபட்டது. "சின்ன வயசுல நோட்டைத் திறந்தா முதல்ல ஊதணும், அப்புறந்தான் எழுதணும்" என்றாள். இது அத்தை சொல்லாதது. மேடையில் தானாக வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதன்பிறகு மெஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். சீனியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு வருடமாகக் கவனமாக ஒளித்து வைத்திருந்த 'இன்னா'வையும் 'கீது'வையும் விமல் கெஞ்சி வெளியே வரவழைத்தான். வாய் தவறி 'வீடு' என்று சொல்லிவிட்டால் அவன் முகம் வாடும். 'வூடு' என்று திருத்திக்கொள்வாள்.

ஒரு மாதத்தில் மன்றம் தீர்மானம் போட்டது: ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் பஸ்ஸில் நர்மதாவின் வீட்டுக்குப் போவது. துணைக்கு லூர்து மேரி மேடம்.

"நான் உனுக்கு அம்மாவா நடிக்கணுமா?" என்றாள் பவானி. "உங்கம்மா கல்லு மாதிரி உசுரோட கீறா. தெரிஞ்சா என்னை ஆய்ஞ்சு கொழம்பு வெச்சுருவா."

"ஒரு நாள்தான் அத்தே."

"எத்தினி பேரு?"

"நாப்பது."

போனில் பாத்திரங்களை எண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மீனா, கறியா?" என்றாள் அத்தை.

ஞாயிறன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய விமலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. கழுவிவிட்ட வாசலில் எட்டுப் புள்ளிக் கோலம். வெள்ளை ஷாமியானா. முருங்கை மரம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல் நின்றது. கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னல் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தான். விரல் சுத்தமாக வந்தது.

"ஆன்ட்டி, சாம்பல் எங்கே?"

"இன்னா தம்பி இப்டிக் கேட்டுட்ட? பொண்ணோட தோஸ்துங்க வராங்கோ, வூட்டக் கலீஜா வெச்சிருப்பனா? ரெண்டு நாளா மோட்டார் போட்டு மரத்தையே குளிப்பாட்டி வுட்டுகீறேன்!"

"கொஞ்சமாவது விட்டு வெச்சிருக்கலாம் ஆன்ட்டி" என்றான் விமல், பரிதாபமாக.

சாப்பாடு ஆனபின் லூர்து மேரி மேடம் கூடத்தில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "ஃபேனைப் போடும்மா" என்றார். நர்மதா சுவிட்சுகளின் முன்னால் போய் நின்றாள். முதல் சுவிட்சுக்கு டியூப்லைட் எரிந்தது. இரண்டாவதுக்குச் சாமி விளக்கு. மூன்றாவதுக்குக் கொல்லையில் மோட்டார் உறுமி, மாடித் தொட்டி வழிந்து, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அலறி ஓடினார்கள்.

"அது இல்லடி, கதவுக்குப் பின்னால கீது பாரு!" என்று அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் மேடம் நர்மதாவின் பக்கத்து இருக்கைக்கு வந்தார். "பத்தொன்பது வருஷமா ஃபேனே இல்லாமலா வளர்ந்தே?" என்று மெல்லக் கேட்டார். பஸ் எண்ணூரைத் தாண்டுவதற்குள் நர்மதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேடம் திட்டவில்லை. காத்திருப்போர் பட்டியலில் சாத்தூர்ப் பெண் ஒருத்தி இருப்பதாகவும், ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் மட்டும் சொன்னார்.

நர்மதா அழுதாள். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. துணிகளை மடித்து வைத்துவிட்டு, மற்றவர் சொல்லித் தெரிவதற்குள் தானே சொல்லிவிடலாமென்று விமலைத் தேடிப் போனாள்.

"நான் வள்ளூர் இல்ல விமல். காலடிப்பேட்டை. அவங்க என் அத்தை. ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினாங்களா?"

மறுநாள் காலை விடுதி வாசலில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். 'உண்மை பேசியதற்குத் தண்டனையா?' என்று அட்டைகள் எழுதப்பட்டன. நர்மதா மறுக்க மறுக்க, அவளுடைய பயம் அவர்களுக்கு இன்னும் உறுதியாகத் தெரிந்தது. அத்தையும் அவளும் சேர்ந்து நிற்கும் படம், 'தாயும் மகளும்' என்ற தலைப்போடு போன் போனாகச் சுற்றியது.

மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தின் உத்தரவு வந்தது. பாதிக்கப்பட்ட பகுதி மாணவி என்ற புதிய பிரிவில் படிப்பு முடியும்வரை அவளுக்கு அறை உண்டு. ஒவ்வொரு சனி, ஞாயிறும் சொந்த ஊரில் தங்கி, நிலவரம் பற்றி அறிக்கை தர வேண்டும்.

"நீங்க உண்மையைச் சொல்லலையா மேடம்?"

"சொன்னேனே. அதெல்லாம் இப்போ முக்கியமில்லேன்னுட்டாங்க" என்று லூர்து மேரி உத்தரவை நீட்டினார். "சாத்தூர்ப் பொண்ணு உன் ரூம்லதான் கூடுதல் கட்டில் போட்டுப் படுக்கப் போறா. இடைஞ்சல் பண்ணாம இரு."

ஆக, வாரம் முழுக்கக் கூட்டத்தில் இருந்துவிட்டு, கேன்டீன் களைகட்டுகிற சனிக்கிழமையில் நர்மதா பையைத் தூக்கிக்கொண்டு வள்ளூர்ப் பக்கம் போகிற கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினாள். வண்டி காலடிப்பேட்டைக்குப் பக்கத்துத் திருவொற்றியூரில் நின்றபோது அம்மா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். படத்தைப் பார்த்ததிலிருந்து மங்கை மகளோடு பேசவில்லை. இப்போதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே ஒரு டிபன் கேரியரை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"வஞ்சிரம். மேல்தட்டு உனுக்கு" என்றாள் மங்கை. வண்டி அசைந்தது. "கீழ்த்தட்டு உங்கம்மாவுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு."