மதில் பக்கம் போகாத நாட்கள்

கல்லூரியில் அவனை எல்லோரும் ஒட்டடை என்றுதான் கூப்பிட்டார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், ஒல்லி. முதல் வருடம் பாதிவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஒருநாள் ஆய்வகத்துக்குப் பின்னால், மதில் ஓரம் நின்ற நாலு பேர் "ஒண்ணு இழுத்துப் பாக்கறியா?" என்று சிகரெட்டை நீட்டினார்கள். இருமிக்கொண்டே இழுத்தான். அன்றிலிருந்து கேலி பேசிச் சிரிக்க அவனுக்கும் ஒரு கூட்டம் கிடைத்தது.

இரண்டாம் வருடம் மருத்துவப் பரிசோதனை நடந்தது. கல்லூரி நர்ஸ், மூச்சில் கலந்திருக்கும் புகைநச்சை அளக்கும் ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொன்னார். பத்தொன்பது என்று காட்டியது.

"சிகரெட் பிடிக்காதவங்களுக்கு நாலு அஞ்சுக்கு மேல வராது தம்பி" என்றார், திட்டாமல். "விடணும்னு நினைச்சா செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாங்க. இன்னும் சில பேர் வருவாங்க."

போனான். எட்டு நாற்காலி போட்டிருந்தது. வந்தது அவன் ஒருவன்தான். நர்ஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்போ பிடிக்கத் தோணுது?"

"தனியா இருக்கும்போது இல்ல சிஸ்டர். அவங்க கூட நிக்கும்போதுதான்."

"அப்போ கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதீங்க."

இடைவேளையில் மதில் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவன் காலி வகுப்பறையில் சூயிங்கம் மென்றபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் வாரத்தின் எரிச்சலும் தலைவலியும் மெல்லத் தணிந்தன. தனிமைதான் தணியவில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் போய்விட்டான்.

"என்னடா சாமியாரே, தவம் கலைஞ்சிடுச்சா?"

அவனும் சிரித்தான். ஒன்று வாங்கிப் பற்றவைத்தான்.

அடுத்த செவ்வாய் அதைத் தலைகுனிந்து சொன்னபோது, "ஒண்ணுதானே? மறுபடி ஆரம்பிங்க" என்றார் நர்ஸ்.

மேலும் ஆறு வாரம் கழித்துக் கருவி இரண்டு காட்டியது. நர்ஸ் கைகுலுக்கினார். வெளியே வந்தவனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நான் சிகரெட்டை விட்டுட்டேன்."



"எப்போடா பிடிச்சே?"

"போன வருஷம். பேச ஆளில்லக்கா, அதான்."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள் அக்கா. பிறகு, "சரி, இன்னைக்கு என்ன பண்ணினே? சொல்லு" என்றாள்.

அவன் படிக்கட்டில் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். மாணவர்கள் அவனைத் தாண்டி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.