கையால் போட்ட நேரம்

பதிவாகியிருந்த சீரியலின் ஆறாவது பாகத்தைத் தொட்டதும் திரையில் ஓர் ஆள் வாணலியோடு வந்து நின்றான். எண்ணெயே வேண்டாம், ஒட்டவே ஒட்டாது என்று சத்தியம் செய்தான். சோபாவின் ஒரு முனையில் அக்கா, மறு முனையில் மாமா, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு தலையணை. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்பிக்கு வாணலியைப் பார்த்த நொடியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"விளம்பரம் போல. தள்ளி விடுங்க," என்றாள் அக்கா.

மாமா ரிமோட்டை அழுத்திப் பிடித்தார். வாணலிக்காரன் பேய் பிடித்தவனைப் போலக் கைகளை ஆட்டினான். அரை மணி நேரமும் வாணலிதான். ஏழாவது பாகத்தில் அதே ஆள் கத்தி விற்றான். எட்டாவதில் தரை துடைக்கும் மாப்பு. ஒன்பதாவதைத் திறக்காமல் மாமா ரிமோட்டைத் தொடைமேல் வைத்தார்.

அந்த வீட்டில் தம்பிக்கு இன்ஜினீயர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டமல்ல. அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் வயிற்றில் சிக்கிய காகிதத்தை உருவுவதுதான் அவன் பிழைப்பு. ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, டிவியோடு இணைத்து, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியாக மாற்றி வைத்தபோது மாமா கொடுத்த பட்டம் அது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரப் பெட்டி. சேனல்களின் நிகழ்ச்சிப் பட்டியல் இணையம் வழியாக அதற்குத் தானாக வரும். சீரியலின் பெயரை ஒருமுறை குறித்துவிட்டால் போதும், சேனல்காரன் நேரத்தை எங்கே மாற்றினாலும் பின்னாலேயே போய்ப் பிடித்துவிடும்.

பெட்டி வந்தது இரண்டு வருடம் முன்பு, அக்கா திரும்பி வந்த வாரத்தில். அதற்கு முன் நான்கு மாதம் அவள் ஒரு சூட்கேஸோடு நர்சுகள் ஹாஸ்டலில் போய் இருந்தாள். காரணம் கேட்டால் அவள் ஒன்று சொல்வாள், மாமா வேறொன்று சொல்வார். ஒருநாள் மாமா லாரியை ஹாஸ்டல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, போனால் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று நின்றார். அவளும் வந்துவிட்டாள். வந்த பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் அந்தச் சீரியல் தொடங்கியது. யாரோ ஓர் ஆலைக்குத் தீ வைத்துவிடுகிறார்கள், யார் என்று தெரியவில்லை. கணக்குப்பிள்ளைதான் என்று மாமா அடித்துச் சொன்னார். சின்ன மருமகள் என்றாள் அக்கா. அவர் லோடு ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் போய்விடுவார், அவளுக்கு வார்டில் ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்ப்பதில்லை. வார்டில் யாராவது சீரியல் பேச்சை எடுத்தால் அக்கா பேண்டேஜ் டிரேயைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். சின்னச் சேனல் அது, போனில் தேடினாலும் பழைய பாகம் எதுவும் கிடைக்காது. பெட்டியை விட்டால் வேறு கதி இல்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சாஃப்ட்வேருக்குத்தான் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் மாத முதல் தேதியோடு நின்றுவிடும் என்று மூன்று மாதம் முன்பே அறிவித்திருந்தார்கள். தம்பி அதைப் படித்தான். வேறு சாஃப்ட்வேருக்கு மாற ஒரு முழு நாள் வேலை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டான். அக்காவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் இன்ஜினீயர் பட்டம் இறங்கிவிடுமோ என்று இருந்தது. முதல் தேதிக்கு முந்தைய நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது சாவி வாங்கிக்கொண்டு வந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஏழிலிருந்து ஏழரை என்று கையால் நேரத்தைப் போட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு பெட்டிக்குச் சீரியல் தெரியாது, கடிகாரம் மட்டும்தான் தெரியும். இரண்டாவது வாரம் சேனல்காரன் சீரியலை ஆறரைக்கு மாற்றினான். மூன்றாவது வாரம் கதையையே முடித்துவிட்டான். இரண்டாவது வாரத்திலிருந்து பெட்டி பதிவு செய்தது முழுக்க வாணலிக்காரனை.

"இன்ஜினீயரே, என்னய்யா இது?" என்றார் மாமா. பிறகு அக்காவைப் பார்த்தார். "நீ ஏதாவது பண்ணினியா?"

அப்போது கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அக்கா யோசித்தாள். யோசிக்காமல் 'இல்லை' சொல்லத் தெரியாதவள் அவள். வார்டில் மாத்திரையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்துப் பழகிய புத்தி.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒட்டடை அடிச்சேன். பின்னாடி ஒரு வயரைப் பிடுங்கித் துடைச்சிட்டு, திரும்பச் சொருகினேன். அதனாலயாடா?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். இல்லக்கா என்ற ஒரு சொல் போதும்.

"இருக்கும்க்கா," என்றான் தம்பி. "சிக்னல் மாறியிருக்கும்."

வயரைப் பிடுங்கினால் திரை கறுப்பாக இருக்குமே தவிர வாணலிக்காரன் வரமாட்டான். கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் புரியும். ஆனால் சொன்னது இன்ஜினீயர். இருவரும் நம்பினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தம்பி வாயெடுப்பதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

"இருபது நாளா ரோட்டுல கிடந்துட்டு, இன்னைக்கு உக்காந்து பாக்கலாம்னு ஓடி வரேன். உன்னால ஒரு வயரைச் சரியா சொருக முடியல."

"தெரியாம நடந்ததுங்க. நானும்தான் பாக்கல."

"வேணும்னுதான் பண்ணியிருப்ப. என்கூட உக்காரப் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லு." மாமா எழுந்து நின்றார். அடுத்ததைக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அன்னைக்கு அந்த ஹாஸ்டல் வாசலுக்கு நான் வந்திருக்கவே கூடாது."

அக்கா நடுவிலிருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து, வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தான். செருப்பைச் சரியாக மாட்டாமலே தெருவில் இறங்கினான். தன்னைவிடக் கேவலமான ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது.

மாமா இரண்டு நாள் கழித்துப் போக வேண்டிய லோடுக்கு மறுநாளே கிளம்பிவிட்டார். தம்பி வேலைக்குப் போனான், காகிதம் உருவினான், மையில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டான். மதியம் போனில் அந்தச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் தளத்தைத் திறந்து பார்த்தான். இனி என்ன ஆகும் என்று அங்கே பெரிய வாக்குவாதம். பட்டியலை நாமே தொகுத்துக் கொடுப்போம், ஆள் சேருங்கள் என்றார் ஒருவர். இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார் மற்றவர். மூன்றாமவர், 'நான் கையால் நேரம் போட்டு ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை' என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தான். நாலு வரி எழுதி, அழித்துவிட்டான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவன் ஊருக்கு உபதேசம் சொல்வதா?

வியாழக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனான். சாயங்கால ஷிப்டுக்காக அவள் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. அவனும் உட்காராமல், பட்டியல் நின்றது, நேரம் போட்டது, சேனல் மாற்றியது எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். வயர் பொய் என்பதையும் சொன்னான்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "முன்னாடியே ஏன் சொல்லல?"

"பெட்டி போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும்..."

"நாங்க ரெண்டு பேரும்?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீதான் எங்களைச் சேத்து வச்சிருக்கறதா நெனச்சுக்கிட்டு இருந்தியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், இரண்டு வருடமாக.

"மாமா பேசினாராக்கா?"

"போய்ச் சேந்துட்டேன்னு மெசேஜ் வந்துச்சு. சரின்னு போட்டேன்." மறுபடி துணியை இழுத்தாள். "இதை என்கிட்ட ஏன் சொல்ற? கேக்க வேண்டியவர் அங்க இருக்கார்."

அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுத்தார். சொன்னதை எல்லாம் மறுபடி சொன்னான். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை. அந்தப் பக்கம் வண்டிகள் கடந்துபோகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"வயர்னு சொன்னியே," என்றார் மாமா.

"பொய் மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"சீரியல் போனா போகுதுடா. நான் வாயை விட்டுட்டேனே. அதை இப்ப என்ன பண்றது, சொல்லு."

எந்த மெஷினின் வயிற்றைத் திறந்தாலும் ஏதாவது செய்யத் தெரிந்த இன்ஜினீயர் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க மாமா."

"குடு."

அவன் போனை நீட்டினான். அக்கா அதைப் பார்த்தாள். வாங்கவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த அதன் கையையே மறுபடி தேய்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவும் வைக்கவில்லை, பேசவும் இல்லை. போனில், அவர் நின்ற சாலையில் ஒரு பெரிய வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. அது தேய்ந்து மறையும் வரை அக்காவின் கை துணிமேல் நின்றது, பிறகு நகர்ந்தது. தம்பிக்குத் தோள் வலித்தது. நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.