இடப்பக்கக் கதவு

முதல் ஆபத்து மிங்கலாடோன் ஊரைத் தாண்டியதும் வந்தது.

குறுக்கே ஓடிய நாய்க்காக ஜுல்ஃபிகர் பிரேக்கை மிதித்தான். நாய் பிழைத்தது. ஆனால் பிக்கப்பின் பின்னால் இழுபட்டு வந்த பழைய கேரவன் வண்டியின் கதவு அந்த உலுக்கலில் தானாகத் திறந்து முன்பக்கமாக விரிந்தது. விரிந்தது புல்தரைப் பக்கம் அல்ல, நடுரோட்டுப் பக்கம். முந்திப்போன லைன் பஸ் ஒன்று கதவின் வெளிக் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு நிற்காமல் பறந்தது.

வண்டியை ஓரம் கட்டி எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். ஜுல்ஃபிகர், அவன் மனைவி பரீதா, ஏழு வயது மகள் சமீனா, பரீதாவின் தம்பி இனாயத்துல்லா. லான்மடாவில் டயர் கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகரிடம் இந்தக் கேரவனைக் கொண்டுவந்து சேர்த்தவன் இனாயத்துல்லாதான். எவரோ வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனது, மழையில் நனையாமல் கோடவுனில் கிடந்தது, படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, இழுத்துக்கொண்டு போனால் போகிற இடமெல்லாம் வீடு என்று ஒரு வாரம் ஓதியிருந்தான்.

"கதவை ஏன் மச்சான் இந்தப் பக்கம் வெச்சிருக்கான்?" என்று இப்போது அவனே கேட்டான்.

ஜுல்ஃபிகருக்குப் பதில் தெரியும். தெரிந்தும் ஒரு மாதமாக யோசிக்காமல் விட்டிருந்தான். அது அறுபதுகளில் வந்த வண்டி. அப்போது பர்மாவில் எல்லோரும் சாலையின் இடப்பக்கம் ஓட்டினார்கள். இடப்பக்கக் கதவைத் திறந்தால் கீழே புல். எழுபதில் அரசாங்கம் எல்லோரையும் வலப்பக்கத்துக்கு மாற்றியது. சாலை மாறிவிட்டது. கதவு மாறவில்லை.

கைப்பிடி இருந்த ஓட்டையில் கயிற்றைக் கோர்த்து, ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினான். ஓடும்போது கேரவனுக்குள் யாரும் ஏறக்கூடாது என்று சமீனாவைப் பார்த்துச் சொன்னான். அவள் முகம் தொங்கிப்போனது. ஒரு மாதமாக வீட்டு முற்றத்தில் நின்ற அந்த வண்டிதான் அவள் உலகம். உள்ளே உட்கார்ந்துகொள்வாள். "வந்தாச்சு, இறங்கு" என்று யாராவது கை காட்டினால் கதவைத் தள்ளிக்கொண்டு குதிப்பாள். தினமும் அதே விளையாட்டு.

லெகூ பக்கம் தங்கவேலு என்ற நண்பரின் மாந்தோப்பில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. தொண்ணூற்றாறாம் வருஷம், ஜனவரியில் வரும் பர்மா சுதந்திர தின விடுமுறை. பரீதா வீட்டை விட்டு இப்படிக் கிளம்பி வருஷக் கணக்காயிற்று.

அவளுக்கு இன்று இன்னொரு வேலையும் இருந்தது. ஜப்பான் பிக்கப்பில் ஸ்டியரிங் வலப்பக்கம். சாலையிலும் வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். முன்னால் ஒரு லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு எதிரே எதுவும் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்து, போகலாம் என்றால் "யாடே", கூடாது என்றால் "மயாபூ" என்று பர்மியத்தில் சொல்லவேண்டும். பஸ்களில் அது 'ஸ்பேர்' பையனின் வேலை.

பரீதா காலையிலிருந்து ஒரு முறைகூட "யாடே" சொல்லவில்லை. தூரத்தில் சைக்கிள் வந்தாலும் "மயாபூ"தான்.

"உங்க லாத்தாவை ஸ்பேரா வெச்சா லெகூவுக்கு அடுத்த மழைக்காலத்துலதான் போய்ச் சேருவோம்," என்று ஜுல்ஃபிகர் பின்கண்ணாடி வழியாக, பின்தட்டில் இருந்த மச்சானிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு அவளைக் கேட்பதையே நிறுத்திவிட்டு, தானே எக்கிப் பார்த்து முந்த ஆரம்பித்தான்.  பரீதா ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டீக்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். இனாயத்துல்லா கயிற்றை அவிழ்த்து, கேரவனிலிருந்து பலகாரத் தூக்கை எடுத்துவந்தான். டீ குடித்தார்கள். கிளம்பினார்கள். சமீனா பின்னால் மாமாவோடு இருக்கிறாள் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். முன்சீட்டில் அம்மா மடியில் இருக்கிறாள் என்று மாமா நினைத்தான்.

இரண்டு மைல் போயிருக்கும்.

பிக்கப்பின் பின்தட்டில், கேரவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இனாயத்துல்லா சும்மா தலையைத் தூக்கினான். கேரவனின் முன்ஜன்னல் திரை விலகியது. கண்ணாடிக்குப் பின்னால் சமீனா. சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

 தூக்கை எடுத்த பிறகு கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உட்கார், அசையாதே, அப்படியே இரு என்று சொல்லத் தவித்தான். காற்றில் குரல் போகாது. அதனால் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மேலும் கீழும் ஆட்டினான். உட்காரு, உட்காரு.

லான்மடாவானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, குழந்தைகளை "இங்கே வா" என்று கூப்பிடும்போதும் நம்மவர்கள் காட்டுவது அதே கைதான்.

சமீனா தலையை ஆட்டினாள். திரை விழுந்தது. ஜன்னலில் ஆளைக் காணோம்.

இனாயத்துல்லா பின்கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். "மச்சான், புள்ள கேரவனுக்குள்ள இருக்கு. கயிறு கட்டல. கதவுப் பக்கம் போறா."

ஜுல்ஃபிகரின் கால் பிரேக்குக்குப் போனது. பரீதா அவன் தொடையை அழுத்திப் பிடித்தாள்.

"மிதிக்காதீங்க. மிதிச்சா கதவு தொறக்கும்."

அவன் கால் அந்தரத்தில் நின்றது. அவள் சொன்னது சரி. ஓடும்வரை காற்று கதவைப் பின்னுக்குத் தள்ளி மூடிவைக்கும். மிதித்தால் நாய்க்காக மிதித்தபோது ஆனதுதான் ஆகும். ஆனால் இந்தத் தடவை கதவோடு சேர்ந்து சமீனாவும் நடுரோட்டுக்குப் போவாள். இடப்பக்கம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முந்திக்கொண்டிருந்தன.

பரீதா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். கேரவன் கதவு ஒரு சாண் திறந்தது. காற்று அதை அறைந்து மூடியது. மறுபடி திறந்தது. இடுக்கில் சின்ன விரல்கள் தெரிந்தன.

"எவ்வளவு தூரம் இப்படியே போவே?" என்று ஜுல்ஃபிகர் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் எதிரே இருந்தது. சாலை வளைவுக்கு அப்பால் சுங்க கேட்டின் தகரக் கூரை தெரிந்தது. அங்கே எல்லா வண்டியும் நின்றே ஆகவேண்டும். முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி. அதற்கும் முன்னால் வரிசை.

நிற்கவும் கூடாது. ஓடவும் முடியாது.

இடப்பக்க ஓரத்தில் அகலமான புல்தரை வந்தது. அந்தக் கதவு எந்தப் பக்கத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பக்கம். எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்காகக் கடந்து அங்கே ஏறிவிட்டால் கதவு எப்படித் திறந்தாலும் கீழே புல்தான். ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மூங்கில் நுனிகள். எதிரே என்ன வருகிறது, பின்னால் எது முந்துகிறது, எதுவும் தெரியவில்லை. கேரவன் அகலத்தில், பின்னால் பார்க்கும் கண்ணாடியும் மறைந்துகிடந்தது.

"பரீதா, நீ சொல்லு."

அவள் முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள்.

"மயாபூ."

நெல் லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது.

"மயாபூ."

லைன் பஸ். அதன் கூரையில் ஆட்கள். மூங்கில் லாரியின் பின்விளக்கு சிவந்தது. ஜுல்ஃபிகர் காலை எடுத்தான். வேகம் குறைந்தது. பின்னால் கதவு படார் என்று அடித்துக்கொண்டது. "மச்சான், பாதி உடம்பு வெளியே," என்றான் இனாயத்துல்லா. 

மூங்கில் நுனிகள் கண்ணாடிக்கு மிக அருகில் வந்துவிட்டன. புல்தரை முடிகிற இடமும் தெரிந்தது. ஜுல்ஃபிகர் எக்கிப் பார்க்கவில்லை. அவள் வாயை மட்டும் கவனித்தான்.

"யாடே."

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். காலி ரோடா, லாரியா, அவனுக்குத் தெரியாது. பிக்கப் பாதையைக் கடந்தது. கேரவன் ஒரு சக்கரத்தில் எழும்பி விழுந்தது. இணைப்புக் கொக்கி கிறீச்சிட்டது. ஹார்ன் ஒன்று நீளமாக அலறிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடித் தேய்ந்தது. சக்கரங்கள் புல்லில் இறங்கின. பிரேக் போடாமல் மண்ணே வண்டியை நிறுத்தட்டும் என்று விட்டான்.

வண்டி நின்றது. கேரவன் கதவு சாவகாசமாக முழுக்கத் திறந்தது.

சமீனா எட்டிப் பார்த்தாள். புல்லில் குதித்தாள். ஓடிவந்த அம்மா தன்னை ஏன் இப்படி நசுக்குகிறாள் என்று புரியாமல் மாமாவைப் பார்த்தாள்.

"நீங்கதானே மாமா வாவான்னு கூப்ட்டீங்க. காத்து விடவே மாட்டேங்குது."

இனாயத்துல்லா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

கயிற்றை இந்தத் தடவை பரீதா கட்டினாள். மூன்று முடிச்சு. சமீனாவை மடியில் இருத்திக்கொண்டு இடது சீட்டில் ஏறினாள்.

இனி மறுபடி வலப்பக்கம் கடக்கவேண்டும். ஜுல்ஃபிகர் இன்ஜினை ஓடவிட்டான். அவனுக்கே ரோடு நன்றாகத் தெரிந்தது. வெகு தூரத்தில் ஒரு சைக்கிள், அவ்வளவுதான்.

"மயாபூ," என்றாள் பரீதா.

சைக்கிள் மெதுவாக மிதித்துக்கொண்டு வந்து, அவர்களைக் கடந்து, போனது. அவன் அதுவரை காத்திருந்தான்.