சூசையப்பரின் இடது கண்

என் பெயர் தில்லைநாதன், ஊர் சிதம்பரம், பிழைப்பு கிறிஸ்தவப் புனிதர்கள். வண்ணக் கண்ணாடியை வெட்டி, ஈயத்தால் இணைத்து, மாதா கோயில் ஜன்னல்களில் அந்தோணியாரையும், இயேசுவை வளர்த்த சூசையப்பரையும் நிற்கவைப்பவன். கடலூர்ப் பக்கம் இறந்தவர் நினைவாக ஜன்னல் கொடுக்கும் குடும்பங்களுக்கு ஓர் ஆசை உண்டு. புனிதரின் முகத்தில் தங்கள் வீட்டு ஆளின் சாயல் கொஞ்சம் இருக்க வேண்டும். கொஞ்சம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். போன வருஷம் ஒருவர் அந்தோணியாருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

கடலூர் முதுநகர் கிரேசி அக்கா, இறந்துபோன கணவர் ஜேக்கப்புக்காகச் சூசையப்பர் ஜன்னல் கேட்டார். ஜேக்கப் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் வேலையில் இருந்தவர். அக்கா கொடுத்தது கண்ணீர் அஞ்சலி பேனரில் போட்ட படம். அதைப் பார்த்து முகத்தை வரைந்து உலையில் சுட்டேன். சுட்ட முகம் அழியாது. ஜன்னலில் பொருத்தியதும் அக்கா வந்து பார்த்தார்.

“யாரு தம்பி இது?”

“ஜேக்கப் அண்ணந்தான்.”

“கலரு ஜாஸ்தியா இருக்கு. தலையெல்லாம் மை. பேனர் கடைக்காரன் செஞ்ச வேலை. ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்தா நான் எம் மனுஷனப் பாக்கணும். இந்த ஆளப் பாத்துக்கிட்டு எப்பிடி ஜெபம் சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. நான் சுட்டதிலேயே அழகான முகம் அது. ஆனால் அக்கா அசையவில்லை, வருஷ நினைவுப் பூசையும் நெருங்கிவிட்டது. வேறு படம் கேட்டேன். ஆதார் அட்டையை நீட்டினார். அதைப் பார்த்து வரைந்தால் கோயிலுக்குப் போலீஸ் வந்துவிடும்.

உறவினர்களிடம் விசாரித்தேன். எல்லாரும் “தங்கமான மனுஷன்” என்றார்கள். செத்தவரைப் பற்றி எங்கள் பக்கம் வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். தங்கத்துக்கு மூக்கு எது, வாய் எது என்று நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

எரிச்சலில் அக்காவிடமே கேட்டேன். “உங்களுக்கு அவரு மேல கோவமே வந்ததில்லையாக்கா?”

மடை திறந்தது.

“வராம? எதச் சொன்னாலும் நம்ப மாட்டாரு தம்பி. மீனு வாங்கியாந்து வெலையச் சொன்னா, இப்பிடிப் பாப்பாரு.”

இடது கண்ணைப் பாதி மூடி, வலது புருவத்தைத் தூக்கி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்தார் அக்கா. எடையில் ஏமாற்றும் கரும்பு வண்டிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமாம். நான் பென்சிலை எடுத்தேன். அவர் திட்டத் திட்ட ஜேக்கப் தாளில் வந்துகொண்டிருந்தார்.

வேறு கண்ணாடியில் சுட்டுப் பொருத்திய புது முகத்தைப் பார்த்ததும் பங்குத்தந்தை லூர்து பிரகாஷ் திகைத்தார். “சூசையப்பரு ஏன் நம்மளச் சந்தேகமா பாக்குறாரு?”

“தச்சருதானே ஃபாதர். பலகை நேரா இருக்கான்னு ஒரு கண்ணச் சுருக்கிப் பாக்குறாரு.”

“கையில பலகையக் காணோமே?”

“நாளைக்குக் குடுத்துடறேன்.”

நினைவுப் பூசையன்று காலை வெயில் ஜன்னலில் நன்றாக விழுந்தது. பிரசங்கத்தில் ஃபாதர், “ஜேக்கப் தம் மனைவியை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அந்த அம்மாளும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை” என்றார். கோயிலே தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. ஜேக்கப் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் இருமிப் பார்த்தார், பயனில்லை.

கிரேசி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

“ஃபாதர ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? நான்தான் சொல்லச் சொன்னேன்” என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.