மாலை போட்ட படம்

சேவை செய்ய வருகிறவர்களை நான் வாசலிலேயே கண்டுகொள்வேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை எடுத்துவிடுவார்கள்.

திருவிடைமருதூரில் ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு நான்தான் வார்டன். பெயர் மெஹராஜ் பேகம். இங்கே இருப்பவர்களுக்கு பேகம்மா. பிறந்தநாள், கல்யாணநாள் என்று எவராவது புண்ணியம் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். கையில் கேக் இருக்கும், இல்லாவிட்டால் சர்க்கரைப் பொங்கல். எங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. வேண்டாம் என்றால் டிரஸ்ட்காரர்களுக்குக் கோபம் வரும் என்பதால் பல்லைக் காட்டி வாங்கி வைத்துக்கொள்வேன். பல்லைக் காட்டுவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியது. அங்கே வேலை பார்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் ஆபீசுக்குப் போகாமல் தொண்டு செய்யலாமாம். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டாம். எல்லாரும் மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். முதுகில் ‘கொடுப்பதே ஆனந்தம்’ என்று அச்சடித்திருந்தது. கூட்டத்துக்குத் தலைவன் அறிவுச்செல்வன் என்றொரு பையன். பெற்றவர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு அந்தப் பெயரை வைத்தார்களோ, பாவம்.

“மேடம், சீனியர்ஸ் எல்லாரும் ரெடியா?” என்று கேட்டான்.

“அவங்க எங்க போகப் போறாங்க?” என்றேன்.

முதல் நிகழ்ச்சி தலைவாரிவிடுவது. மங்களாம்பிகை அம்மா விடியும் முன்பே குளித்து, எண்ணெய் தடவி, கொண்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் அந்தக் கொண்டையை அவிழ்த்து, அழகாகச் சீவி, போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தவள் தனக்குப் போட்டோ கிடைக்கவில்லை என்று வந்து மறுபடியும் அவிழ்த்தாள். மங்களாம்பிகை அம்மா இரண்டாவது பெண்ணின் பனியனைத் தொட்டுப் பார்த்து, “இது எந்தக் கம்பெனிம்மா?” என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள்.

“எம் மவனும் உங்க கம்பெனிதான். சிங்கப்பூர்ல இருக்கான். பிரபுன்னு பேரு.”

“சூப்பர் பாட்டி. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க,” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

பூதலூர்ப் பக்கம் நிலபுலனோடு இருந்த குடும்பம் மங்களாம்பிகை அம்மாவுடையது. புருஷன் போனபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ‘கொஞ்ச நாளைக்குத்தாம்மா’ என்று சொல்லி மகன் இங்கே கொண்டுவந்து சேர்த்தான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் போனுக்குக் கூப்பிடுவான். “லீவு கிடைக்கலைம்மா” என்பான். “சரிப்பா, உடம்பைப் பார்த்துக்க” என்பார் அவர். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டே வருகிறது, போனால் திரும்பாது என்று மயிலாடுதுறை டாக்டர் கைவிரித்துவிட்டார். பார்வை இருக்கும்போதே மகன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நான் பிரபுவிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். “டிரை பண்றேன் அக்கா” என்பான். அவன் டிரை பண்ணுவதற்குள் அந்தக் கண்ணும் அவிந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, தொண்டுக்கு வருகிறேன். வந்ததும் எல்லாருக்கும் சந்தனச் சீவல் மாலை போட்டு மரியாதை செய்திருந்தார்கள். கழுத்து அரிக்கிறது என்று ஒவ்வொருவராகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். காலையில் எடுத்த போட்டோக்களை, கூடவே கொண்டுவந்திருந்த மெஷினில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆளுக்கொன்று பரிசாகத் தருவது கடைசி நிகழ்ச்சி. மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் படங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மாலைகள் வீணாகக் கிடக்கின்றனவே என்று அறிவுச்செல்வன் அவற்றைப் பொறுக்கி, படத்துக்கொன்றாக மாட்டினான். ஒரு பெண் கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு வைத்தாள். இன்னொருத்தி குத்துவிளக்கை ஏற்றி முன்னால் வைத்தாள். பின்னால் பேனர் கட்டினார்கள். அதில் பெரிய எழுத்தில் ‘என்றும் எங்கள் நினைவில்’ என்று இருந்தது.

இறந்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கே தெரிகிறது. பொட்டும் பூவுமாகப் பிறந்து வளர்ந்த இதுகளுக்குத் தெரியவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு ஐயா தன் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“பேகம்மா, எனக்குப் பதினாறு என்னைக்கு?”

நான் போய், “தம்பி, அந்த மாலையை எடுத்துடுங்க. உயிரோட இருக்கவங்க படத்துக்கு மாலை போட மாட்டாங்க,” என்றேன்.

“ஒரே ஒரு கிளிக் மேடம்,” என்றான் அறிவுச்செல்வன்.

மேசைக்குப் பின்னால் பாதிப் பேர் கைகூப்பியும் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கியும் நின்றார்கள். அப்புறம் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து தங்கள் இழவைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பும்போது அறிவுச்செல்வன் என் கையைப் பிடித்து, “மனசு நிறைஞ்சிருக்கு மேடம்,” என்றான். நிறைந்துதான் இருக்கும். வயிறும் நிறைந்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த பிரியாணியில் மிச்சத்தைத்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் பிரபு கூப்பிட்டான். சனிக்கிழமை அவன் கூப்பிடுகிற நாள் இல்லை. எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

“அக்கா, எப்ப ஆச்சு? எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? நெட்ல எங்க கம்பெனியோட பக்கத்துல அம்மா படத்தைப் பார்த்தேன். மாலை போட்டு, விளக்கு ஏத்தி…”

அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரே மங்களாம்பிகை அம்மா மேசைமேல் காபி டம்ளர் எங்கே இருக்கிறதென்று கையால் துழாவிக்கொண்டிருந்தார். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

“வந்து பாருங்க தம்பி,” என்றேன்.

“எடுத்துட்டீங்களா?”

“இன்னும் எடுக்கலை.” அதில் பொய் ஒன்றும் இல்லை.

“நாளைக்குக் காலைல வந்துடுறேன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடுங்கக்கா.”

உயிரோடு இருந்த அம்மாவுக்குக் கிடைக்காத லீவு ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிற அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. நான் அவர் கையில் டம்ளரை எடுத்துக் கொடுத்து, பிரபு வருகிறான் என்று சொன்னேன். “லீவு குடுத்துட்டாங்களா?” என்றார். “குடுத்துட்டாங்கம்மா,” என்றேன். அன்று முழுக்க அவர் யாரிடமும் வேறு பேச்சே பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருச்சியிலிருந்து வந்த டாக்ஸியில் பிரபு இறங்கினான். ஒரு கையில் பெரிய ரோஜா மாலை, இன்னொரு கையில் கும்பகோணம் கடைப் பை. கோடி போடப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை என்று புடவையையும் அவனே வாங்கி வந்திருந்தான். நாலு எட்டு வைத்தவன் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“பிரபுவா? கிட்ட வாப்பா,” என்றார் அவர்.

அவன் குனிந்தான். அவர் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்த ஒற்றைக் கண்ணுக்கு அருகே இழுத்து, நெற்றி, மூக்கு, மீசை என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவனும் அழுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன் நேராக என்னிடம்தான் வந்தான்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அம்மா தவறிட்டாங்கன்னு சொல்லி லீவு வாங்கியிருக்கேன். ஆபீஸ் மொத்தமும் துக்கம் விசாரிச்சு மெயில் போட்டுட்டாங்க. இப்பப் போய் என்னன்னு சொல்லுவேன்?”

“இத்தனை வருஷத்துல ஒரு நாள் உங்களால வர முடியலையா தம்பி?”

“நான் ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கலைக்கா. போன மாசம்கூட அங்க ஒரு முதியோர் இல்லத்துல நாள் பூரா சேவை பண்ணினேன்.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கமே இல்லை. அந்த மஞ்சள் பனியன் அவனிடமும் ஒன்று இருக்கும். எந்தச் சீனத்துக் கிழவியின் கொண்டையை அவிழ்த்துச் சீவினானோ. வாயில் வந்ததை நான் சொல்வதற்குள் மங்களாம்பிகை அம்மா கூப்பிட்டார். அவருக்குப் போனது கண்தான், காது நன்றாகவே கேட்கும்.

“பிரபு, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்பா. அதை ஏன் மாத்திக்கிட்டு?” என்றார். “அந்தப் பையில என்ன, கோடியா? என்ன கலரு?”

நான் பையை வாங்கிப் புடவையை அவர் மடியில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். “அரக்கு,” என்றார். “நல்லாருக்கு.”

கையால் கரையைத் தடவிக்கொண்டே மகனைப் பார்க்காமல் சொன்னார்: “நெசமாப் போறப்ப உனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. ஒரே அம்மாவுக்கு ரெண்டு தரமா குடுப்பாங்க?”

அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வா பேகம்மா, உள்ள போயி இதைக் கட்டிவிடு. அவன் பார்த்துட்டுப் போகட்டும்.”